வாசகர் கேள்விகள்: நார்வேயில் வாடகை மின்கார்

விடுமுறைக்கு நார்வே போகத் திட்டமிடும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். 2024-இல் அந்த நாட்டில் பதிவான புதுக் கார்களில் 88.9 விழுக்காடு மின்கார்கள். வாடகைக்குக் கார் தேடினாலும் அவைதான் முதலில் கண்ணில் படும். பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர்கள் கிளம்புமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன.

நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். ஜூனில் ஆஸ்லோவில் கார் எடுத்து பெர்கன் போய்த் திரும்புவதாகத் திட்டம். வாடகைத் தளத்தில் காரின் ரேஞ்ச் 500 கி.மீ. என்று போட்டிருக்கிறது. ஆஸ்லோ – பெர்கன் 470 கி.மீ.தானே, ஒரே சார்ஜில் போய்விடலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

முடியாது. முயன்றும் பார்க்காதீர்கள். அந்த 500 என்பது டபிள்யூ.எல்.டி.பி. என்ற சோதனைக்கூட முறையில், மிதமான வெப்பத்தில், காரை உருளைகள் மேல் ஓட்டி எடுத்த எண். மலை, மழை, எதிர்க்காற்று, நான்கு பேர், நான்கு பெட்டி எதுவும் அதில் சேர்த்தி இல்லை.

கிலோமீட்டரை மறந்துவிட்டு யூனிட்டில் கணக்குப் போடுங்கள். நம் வீட்டுக் கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்டில்தான் கார் பேட்டரியையும் அளக்கிறார்கள். திரையில் கிலோவாட்-அவர் என்று காட்டும். உங்களுக்குக் கிடைக்கப்போகும் நடுத்தரக் காரில் உபயோகிக்கக்கூடிய கொள்ளளவு 75 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். நார்வேயில் ஊருக்கு வெளியே பெரும்பாலான சாலைகளில் 80 கி.மீ.தான் வேக வரம்பு. கோடையில் நான்கு பேரோடு அந்த வேகத்தில் போனால் 100 கி.மீ.க்கு 17 யூனிட் போல ஆகும். 110 அனுமதிக்கும் மோட்டார் சாலையில் 21, 22 வரை போகும். கூரை மேல் பெட்டி கட்டினால் இன்னும் கூடும். ஆகவே சாமான்களை டிக்கிக்குள் அடங்கும்படி எடுத்துப் போங்கள்.

அடுத்தது மலை. ஆட்களும் சாமானும் ஏறிய கார் 2,300 கிலோ இருக்கும். அதை 1,000 மீட்டர் உயரம் தூக்க ஏறத்தாழ 7 யூனிட் கூடுதலாகச் செலவாகும். அதே 1,000 மீட்டர் இறங்கும்போது மோட்டாரே டைனமோவாக வேலை செய்து 4 யூனிட்டைத் திருப்பித் தரும். மீதி 3 யூனிட் போனது போனதுதான்.

இதை உங்கள் பாதையில் பொருத்திப் பாருங்கள். ஆஸ்லோவிலிருந்து ஹோனஃபாஸ், கோல் வழியாக 7-ஆம் எண் சாலையில் யாய்லோ ஏறத்தாழ 225 கி.மீ.; ஊர் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தூரத்துக்கு 38 யூனிட், ஏற்றத்துக்கு 5.5, ஆக 44. காலையில் 90 விழுக்காட்டில் கிளம்பினால் கையில் 67 யூனிட். யாய்லோவில் 23 மிஞ்சும், அதாவது 31 விழுக்காடு. அங்கே மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தி 75 விழுக்காடு வரை ஏற்றுங்கள். 33 யூனிட் ஏறவேண்டும். நல்ல வேக சார்ஜரில் 25 நிமிடம். சாப்பிட்டு முடிக்குமுன் ஏறிவிடும்.

அங்கிருந்து ஹார்டாங்கர்விடா பீடபூமியில் 1,240 மீட்டர் வரை ஏறி, மோபோ பள்ளத்தாக்கில் வளைந்து வளைந்து எய்ட்ஃபியூர் கடலோரத்துக்கு இறங்குகிறது சாலை. வழியில் வோரிங்ஸ்ஃபாஸ் அருவி. அப்புறம் 2013-இல் திறந்த ஹார்டாங்கர் பாலம். பாலத்தின் இரு முனையிலும் மலையைக் குடைந்து, சுரங்கத்துக்குள்ளேயே ரவுண்டானா வைத்திருக்கிறார்கள். வேகத்தை முன்பே குறைத்துக்கொள்ளுங்கள். யாய்லோ – பெர்கன் 240 கி.மீ.க்கு 41 யூனிட், கூடுதல் ஏற்றத்துக்கு 3, இறக்கத்தில் திரும்பி வருவது 5. நிகரச் செலவு 39. பெர்கனில் 17 யூனிட் மிச்சத்தோடு இறங்குவீர்கள். மழையும் எதிர்க்காற்றும் பத்து விழுக்காடு பிடுங்கினாலும் தாங்கும். பெர்கனில் மழையை எதிர்பார்த்தே போகவேண்டும்.

திரும்பும்போது வோஸ் வழியாக ஈ16 சாலையைப் பிடியுங்கள். 2000-இல் திறந்த 24.5 கி.மீ. லார்டால் சுரங்கம் அந்த வழியில்தான். இவ்வளவு நீளத்தில் ஓட்டுநருக்குக் கண் சொருகக்கூடாது என்று நடுவே மூன்று இடங்களில் குகை போல அகலப்படுத்தி நீல விளக்குப் போட்டிருக்கிறார்கள். சுரங்கம் தாண்டி ஹெம்செடால் மலை வழியாகக் கோல் வந்தால் பழைய பாதையில் சேர்ந்துவிடலாம். பெர்கனிலேயே காரை விட்டுவிட்டு ரயிலில் திரும்பும் யோசனை இருந்தால் ஒருவழிக் கட்டணம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பல நேரம் அது வாடகையையே மிஞ்சும்.

முக்கியமான ஒன்று. மலை மேலுள்ள ஓட்டலில் இரவு முழுக்கச் செருகிவைத்து 100 விழுக்காடு ஏற்றிவிட்டு, காலையில் நேரே கீழே இறங்காதீர்கள். பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் வரும் மின்சாரத்துக்குப் போக இடமில்லை. மோட்டார் காரைப் பிடிக்காது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் கார் உருண்டுகொண்டே போகும். பாரம் முழுவதும் சாதாரண பிரேக் மேல் விழுந்து, நாலைந்து கொண்டை ஊசி வளைவுக்குள் பிரேக் சூடாகிக் கருகல் வாடை வரும். அப்படிப்பட்ட இடத்தில் 85-இல் நிறுத்துவதுபோல் காரின் திரையிலேயே வரம்பு வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

வாடகைத் தளத்தில் மாடல் பெயருக்குப் பக்கத்தில் 'அல்லது அதுபோன்றது' என்று இருக்கிறது. எதைக் கேட்டு வாங்குவது? (வாசகர், புதுச்சேரி)

குறிப்பிட்ட மாடல் கிடைக்கும் என்று நம்பிப் பயனில்லை. கவுன்டரில் மூன்றை மட்டும் கேளுங்கள். வேக சார்ஜ் துளை சி.சி.எஸ். வகையா? பழைய நிசான் லீஃப் என்றால் சாடமோ வகை; அதற்கான சார்ஜர்கள் குறைந்துகொண்டே வருகின்றன, நெடும்பயணத்துக்கு வேண்டாம். 10-இலிருந்து 80 விழுக்காடு ஏற எத்தனை நிமிடம்? அரை மணிக்குள் என்றால் நல்லது. குறைந்த மின்சாரத்தில் உட்புறத்தைச் சூடாக்கும் ஹீட் பம்ப் உண்டா? இது குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு. பேட்டரி பெரிதா என்பதைவிட வேகமாக ஏறுமா என்பதுதான் நார்வேயில் முக்கியம், ஏனென்றால் முக்கியச் சாலைகளில் சார்ஜருக்குப் பஞ்சமில்லை.

சார்ஜருக்கு எப்படிப் பணம் கட்டுவது? இந்திய கார்டு வேலை செய்யுமா? எத்தனை ஆப் இறக்கவேண்டும்? (வாசகர், சென்னை)

முதன்முறை போகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். கண்ணெதிரே நாலு சார்ஜர் நிற்கும். பணம் கட்ட முடியாமல் நிற்பார்கள்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். வங்கிச் செயலியைத் திறந்து வெளிநாட்டுப் பரிவர்த்தனை, ஆன்லைன், தொட்டுக் கட்டுதல் ஆகிய மூன்றையும் தனித்தனியாகத் திறந்துவிட வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபரிலிருந்து இவற்றை அட்டைக்காரரே இயக்கினால்தான் உண்டு. தினசரி வரம்பையும் உயர்த்துங்கள். பல சார்ஜர்கள் தொடங்குமுன் ஒரு தொகையை அட்டையில் பிடித்துவைத்துவிட்டு, முடிந்தபின் உண்மையான தொகையை மட்டும் எடுத்துக்கொள்ளும். மீதி திரும்ப விடுபடச் சில நாள் ஆகலாம். ப்ரீபெய்டு ஃபாரெக்ஸ் கார்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிடித்தமே கையைக் கடிக்கும். சில இயந்திரங்கள் அந்த வகை அட்டையை ஏற்பதும் இல்லை. வெவ்வேறு வங்கிகளின் இரண்டு கிரெடிட் கார்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று விசா, மற்றது மாஸ்டர்கார்டு என்றால் இன்னும் நல்லது.

செயலிகளை ஊரிலிருந்தே இறக்கிப் பதிவு செய்து, அட்டையையும் சேர்த்துவிடுங்கள். சில செயலிகள் இந்திய ஆப் ஸ்டோரில் தெரியாமலிருக்கலாம். அது வீட்டில் தெரிந்தால் மாற்று தேடலாம், மலை நடுவில் தெரிந்தால் ஒன்றும் செய்யமுடியாது. ஓ.டி.பி. வரும் சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருப்பது கட்டாயம். அங்கே போய் உள்ளூர் இ-சிம் போட்டுக்கொண்டு இந்திய எண்ணை அணைத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. வந்து சேராது.

ரீசார்ஜ், மெர், எவினி, அயோனிட்டி, சர்க்கிள் கே, கோப்பளெ, டெஸ்லா ஆகியவை அடிக்கடி கண்ணில் படும் நிறுவனங்கள். பெர்கன் பக்கம் எவினி அதிகம். எல்லாச் செயலியும் தேவையில்லை. உங்கள் பாதையில் எவை இருக்கின்றன என்று பார்த்து மூன்றைத் தேர்ந்தெடுங்கள். புதிதாக நிறுவிய வேக சார்ஜர்களில் அட்டை தொடும் இயந்திரம் இருக்கிறது. பழையவற்றில் செயலியோ, சாவிக்கொத்தில் மாட்டும் சிப்போதான் வழி. டெஸ்லாவின் சூப்பர்சார்ஜர்கள் 2022 ஜனவரியிலிருந்து நார்வேயில் மற்ற நிறுவனக் கார்களுக்கும் திறந்திருக்கின்றன. டெஸ்லா செயலியில் நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, தூணிலுள்ள எண்ணைத் தட்டவேண்டும். அங்கே கேபிள் குட்டை. சார்ஜ் துளை முன்பக்கமோ வலப்பக்கமோ உள்ள கார் என்றால் ஓரத்துத் தூணாகப் பார்த்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் இரண்டு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கவேண்டி வரும்.

பாதை போட 'ஏ பெட்டர் ரூட்பிளானர்' செயலி நன்றாக உதவும். கார் மாடல், பயணிகள் எடை, வெளி வெப்பம் கொடுத்து, சேரும்போது குறைந்தது 15 விழுக்காடு மிஞ்சவேண்டும் என்று அமையுங்கள். எந்த நிலையம் பழுதாகிக் கிடக்கிறது என்பதை 'பிளக்ஷேர்' செயலியில் மற்ற ஓட்டுநர்கள் எழுதிப்போவார்கள். கடைசி ஒரு வாரக் குறிப்பை மட்டும் நம்புங்கள்.

இனிச் சார்ஜ் செய்யும் முறை. வழியில் நிற்கப்போகும் சார்ஜரையே காரின் சொந்த நேவிகேஷனில் சேருமிடமாகக் கொடுங்கள். போன் மேப்பில் போட்டால் காருக்குத் தெரியாது. சார்ஜருக்குப் போகிறோம் என்று தெரிந்தால்தான் பல கார்கள் பேட்டரியை முன்கூட்டியே சூடாக்கும். குளிர்ந்த பேட்டரியில் 150 கிலோவாட் (மணிக்கு 150 யூனிட் தரும் வேகம்) தூணிலும் 40 கிலோவாட்தான் ஏறும். சார்ஜர் கெட்டுப்போனது என்று ஆட்கள் நினைத்துவிடுவார்கள். இரண்டு பிளக் தொங்கும் தூணில் பக்கத்தில் கார் நின்றால் மின்சாரம் பங்கு போடப்படலாம். ஆளில்லாத தூணுக்குப் போங்கள்.

நிறுத்தி, கியரை 'பார்க்'கில் போட்டு, பிளக்கைச் செருகுங்கள். வேக சார்ஜ் கேபிள் கனமானது. கையை விட்டதும் பிளக் கீழ்நோக்கித் தொங்கி, உள்ளேயுள்ள முனைகள் சரியாக ஒட்டாமல் 'தொடர்பு தோல்வி' என்று திரை சொல்லும். பிளக்கை ஒரு கையால் சற்று மேலே தூக்கி உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் செயலியைத் தொடங்குங்கள். 'டக்' என்று பூட்டு விழும் சத்தமும், தூணின் விசிறி சுற்றத் தொடங்கும் இரைச்சலும் கேட்டபின் கையை விடலாம். சில தூணில் முதலில் அட்டை, பிறகு பிளக், சிலவற்றில் நேர்மாறு. ஒருமுறை தோற்றால் பிளக்கை முழுதாக எடுத்து, ஒரு நிமிடம் விட்டு, வரிசையை மாற்றிச் செய்யுங்கள். இரண்டாம் முறையும் தோற்றால் அடுத்த தூண். மூன்றாம் முறை அதே தூணில் மெனக்கெடாதீர்கள். அதற்குள் அட்டையில் மூன்று பிடித்தம் விழுந்திருக்கும்.

எடுக்கும்போது முதலில் செயலியில் அல்லது தூணில் நிறுத்தவேண்டும், பிறகு காரைத் திறக்கவேண்டும், அப்புறம்தான் இழுக்கவேண்டும். கார் பூட்டியிருந்தால் பிளக்கும் பூட்டியிருக்கும். பலம் போட்டு இழுத்தால் பூட்டு ஊசி வளையும். அப்படியும் வராவிட்டால் கைப்பட விடுவிக்கும் வழி பல கார்களில் டிக்கிக்குள் இருக்கும். அது எங்கே என்று கார் எடுக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேக சார்ஜரில் யூனிட்டுக்கு ஐந்தாறு குரோனர் (நார்வே நாணயம்) என்பது சாதாரணம். 80 விழுக்காட்டுக்கு மேல் ஏறும் வேகம் படுத்துவிடும். 80-இலிருந்து 100-க்கு ஆகும் நேரம் 10-இலிருந்து 80-க்கு ஆனதற்குச் சமமாகிவிடும். முடிந்தபின்னும் காரை எடுக்காமல் நின்றால் நிமிடக் கணக்கில் தனிக் கட்டணம் போடும் நிறுவனங்களும் உண்டு.

எனது அக்கா பேர்கனில் இருக்கிறார். ஓகஸ்ட் மாதம் குடும்பமாக நோர்வே செல்ல உள்ளோம். இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்துடன் அங்கு வாடகைக் கார் ஓட்டலாமா? இரவில் அக்கா வீட்டிலேயே சார்ஜ் பண்ணிக்கொள்ளலாமா? இடப்பக்கம் ஓட்டிப் பழகிய எனக்கு வலப்பக்கம் என்றால் பயமாக இருக்கிறது. (வாசகி, யாழ்ப்பாணம்)

உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு சர்வதேச அனுமதியையும் எடுத்துப்போங்கள். இலங்கையில் அதைக் கொழும்பிலுள்ள ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன் வழங்குகிறது. (இந்திய வாசகர்களுக்கு: பரிவாகன் தளத்தில் படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும்.) சர்வதேச அனுமதி என்பது மொழிபெயர்ப்புத்தான்; அசல் லைசென்ஸ் கூட இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. இரண்டையும் கவுன்டரில் காட்டவேண்டும். டெபாசிட் பிடிக்கும் கிரெடிட் கார்டு ஓட்டுபவரின் பெயரிலேயே இருக்கவேண்டும் என்று பெரும்பாலான நிறுவனங்கள் கேட்கும். அக்காவின் அட்டையைக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று போகாதீர்கள். அக்காவே ஓட்டுநராகப் பதிந்துகொண்டால்தான் அது நடக்கும்.

வீட்டில் சார்ஜ் பண்ணலாம், அதுதான் மலிவும்கூட. ஆனால் அக்கா வீட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். சுவரில் பொருத்திய சார்ஜர் இருந்தால் கவலையில்லை. நார்வேயின் பல பகுதிகளில் மின்வலை பழைய முறை: நியூட்ரல் கம்பி கிடையாது, இரண்டு ஃபேஸுக்கு நடுவே 230 வோல்ட். அதனால் உங்கள் கார் 11 கிலோவாட் வாங்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தாலும் அங்கே 7.4 அல்லது அதற்குக் கீழேதான் வரும். கார் பழுதில்லை, வலை அப்படி. 7.4 வந்தால் பத்து மணி நேரத்தில் பேட்டரி நிறைந்துவிடும் என்பதால் இரவுக்குப் போதும்.

அடுக்குமாடி என்றால் சார்ஜர் வீட்டுக்காரர் கணக்கில் பதிவாகியிருக்கும். அக்காவின் செயலியோ சிப்போ இல்லாமல் தொடங்காது. சாதாரணச் சுவர் பிளக் மட்டும்தான் என்றால், 10 ஆம்பியரில் மணிக்கு 2.3 யூனிட். இரவு முழுக்க விட்டாலும் 20 யூனிட் போலத்தான் சேரும். வாடகை ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா, காரோடு அந்தக் கேபிளைத் தந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு ஜன்னல் வழியே இழுப்பது ஒருபோதும் வேண்டாம். பல மணி நேரம் முழு ஆம்பியர் ஓடினால் பிளக் உருகும், தீப்பிடிக்கும்.

வலப்பக்கம் ஓட்டுவதில் நேர்ச்சாலை சுலபம். தவறு நடப்பது இரண்டு இடத்தில்: காலியான சாலையில் இடப்பக்கம் திரும்பும்போதும், பெட்ரோல் நிலையத்திலிருந்தோ சார்ஜரிலிருந்தோ வெளியே வரும்போதும். பழக்க தோஷத்தில் கை பழைய பக்கத்துக்கே திருப்பிவிடும். பக்கத்தில் அமர்பவர் ஒவ்வொரு முறையும் 'வலப்பக்கம்' என்று வாய்விட்டுச் சொல்லட்டும். நம்மூரில் ஓடும் ஜப்பானியக் கார்களில் இண்டிகேட்டர் தண்டு வலப்பக்கம், அங்கே இடப்பக்கம். டெஸ்லாவின் பல மாடல்களில் வலப்பக்கத் தண்டுதான் கியர். முதல் நாள் விமான நிலைய நிறுத்துமிடத்திலேயே பத்து நிமிடம் சுற்றிப் பழகிவிட்டுச் சாலைக்கு வாருங்கள்.

நார்வேயில் குறியிடாத சந்திப்பில் வலப்புறமிருந்து வரும் வண்டிக்கு வழிவிடவேண்டும், அது எவ்வளவு சின்னத் தெருவிலிருந்து வந்தாலும். மஞ்சள் வைரப் பலகை இருந்தால் உங்கள் சாலைக்கு முன்னுரிமை. பகலிலும் முகப்பு விளக்கு எரியவேண்டும். மது வரம்பு 0.02 விழுக்காடு, ஒரு பியர் குடித்தாலே ஓட்டாமலிருப்பது நல்லது. இன்னொன்று: காலை எடுத்ததும் கார் தானாக பிரேக் பிடிக்கும் அமைப்பு வளைவுச் சாலையில் ஓட்டுபவருக்குச் சுகம், பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்கு வாந்தி. காரில் வசதி இருந்தால் அதைக் குறைந்த அளவில் வையுங்கள்.

ஊருக்குத் திரும்பி ஒரு மாதம் கழித்தும் கார்டில் பணம் பிடிக்கிறார்களாமே? (வாசகர், திருநெல்வேலி)

பிடிப்பார்கள், பெரும்பாலும் நியாயமான தொகைதான், ஆனால் எதற்கென்று தெரியாமல் திகைப்பு வரும். நார்வேயில் டோல் சாவடியில் நிற்கவே இடமில்லை. கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும், அல்லது கண்ணாடியில் ஒட்டிய ஆட்டோபாஸ் சிப்பை வாசிக்கும். பில் வாடகை நிறுவனத்துக்குப் போய், அவர்கள் உங்கள் அட்டையில் எடுப்பார்கள். ஆஸ்லோவையும் பெர்கனையும் சுற்றி டோல் வளையம் உண்டு. அலுவலக நேரத்தில் கட்டணம் கூடுதல். பல ஃபெர்ரிகளிலும் இதே முறைதான். ஒவ்வொன்றுக்கும் சேவைக் கட்டணம் சேர்ப்பார்களா, நாளுக்கு ஒரு தொகையா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்கிங் பலகையில் 'ஆவ்யிஃப்ட்' என்று படிக்கும் சொல் கட்டணம் என்று பொருள்படும். ஆங்கில எழுத்தில் 'கிஃப்ட்' என்று முடிவதால் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஈசிபார்க் செயலியில் நம்பர் பிளேட்டைக் கொடுத்துக் கட்டலாம். சார்ஜிங் இடம் என்பது சார்ஜ் ஏறும் வரைக்கும்தான். பிளக்கை மாட்டாமல் அங்கே நிறுத்தினால் அபராதம். வேகத்துக்கும் அபராதம் கடுமை. சில சாலைகளில் இரண்டு கேமராவுக்கு நடுவே எடுத்த நேரத்தை வைத்துச் சராசரி வேகம் பார்ப்பதால், கேமராவைக் கண்டு பிரேக் போடுவது உதவாது.

காரைத் திருப்பும்போது எத்தனை விழுக்காடு இருக்கவேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: எடுத்த அளவு, 70, 80 என்று. குறைந்தால் போடும் தொகை, நீங்களே சார்ஜ் செய்வதைவிட நிச்சயம் அதிகம். ஆஸ்லோ கார்டமோன் விமான நிலையத்தில் காரை விடுபவர்கள் கடைசி நேரத்தில் நிலைய வளாகத்துச் சார்ஜரை நம்பாமல், சற்று முன்னே யெஸ்ஹைம் ஊரில் ஏற்றிக்கொள்ளுங்கள். விட்டதும் திரையில் விழுக்காடும் ஓடிய தூரமும் தெரிய ஒரு படம், நாலு சக்கரத்துக்கும் ஒவ்வொரு படம், கேபிள் டிக்கியில் இருப்பதற்கு ஒரு படம். கேபிள் காணாமற்போனால் அதன் விலை உங்கள் தலையில்தான்.

பிப்ரவரியில் ட்ரொம்ஸோ போய் வடதுருவ ஒளி பார்க்க ஆசை. அப்போதும் மின்கார் எடுக்கலாமா? (வாசகர், மதுரை)

கார் தாங்கும். கேள்வி உங்களைப் பற்றியது. பனிமூடிய சாலையில் இதுவரை ஓட்டியதில்லை என்றால், இருட்டில், கரும்பனி உறைந்த வளைவில் முதல் பாடம் படிக்கவேண்டாம். ஒளி பார்க்க பஸ்ஸில் கூட்டிப்போகும் ஏற்பாடுகள் ட்ரொம்ஸோவில் நிறைய உண்டு. அதிலேயே போங்கள்.

பனியில் ஓட்டிப் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு. மைனஸ் 10 டிகிரியில் 100 கி.மீ.க்கு 26, 27 யூனிட் ஆகும். பேட்டரியின் வேதிவினை மந்தமாவது ஒரு காரணம், உள்ளே சூடாக்குவது மற்றொன்று. ட்ரொம்ஸோவில் மேகம் கவிந்தால் ஆட்கள் ஷீபோட்டன் பக்கமும், அதைத் தாண்டி பின்லாந்து எல்லையோரம் கில்பிஸ்யார்வியும் போவார்கள். அங்கே வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒருவழி ஏறத்தாழ 160 கி.மீ., போய்வர 320. அதற்கு 86 யூனிட் வேண்டும். 75 யூனிட் பேட்டரி போதாது. வண்டியை நிறுத்தி ஹீட்டர் போட்டுக்கொண்டு ஒளிக்காகக் காத்திருந்தால் மணிக்கு ஒன்றரை, இரண்டு யூனிட் தனி. ஆகவே போகும்போதே, ட்ரொம்ஸோவிலிருந்து 70 கி.மீ. தள்ளியிருக்கும் நூர்ஷோஸ்போட்டனில் நிறுத்தி ஏற்றிவிடுங்கள். நள்ளிரவு திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், உறைந்த பேட்டரியோடு ஒரு மணி நேரம் நிற்க நேரும்.

காலையில் பிளக் மாட்டியிருக்கும்போதே செயலியில் உட்புறத்தைச் சூடாக்கிவிட்டுக் கிளம்புங்கள். அந்த யூனிட் சுவரிலிருந்து வரும், பேட்டரியிலிருந்து போகாது. சார்ஜ் மூடியில் பனி உறைந்து திறக்காவிட்டால் உள்ளங்கையால் சுற்றிலும் தட்டுங்கள். கத்தி, சாவி வைத்து நெம்பினால் மூடி உடையும். வெந்நீர் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் இன்னும் கெட்டியாக உறையும். மலைக்கணவாயில் புயல் என்றால் பனிவாரி வண்டியின் பின்னால் வரிசையாகத்தான் விடுவார்கள், அல்லது சாலையையே மூடிவிடுவார்கள். அந்த வரிசையில் சேருமுன் 60 விழுக்காடாவது கையில் இருக்கட்டும்.

நாங்கள் சைவம். வழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அரிசி குக்கர் எடுத்துப் போகலாமா? (வாசகி, ஈரோடு)

தாராளமாக. சமையலறையோடு கூடிய மரவீடுகள் வாடகைக்குக் கிடைக்கும். அவற்றை 'ஹிட்டே' என்பார்கள். அரிசி, பருப்பு, பொடி வகைகள் எடுத்துப் போகலாம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை இருப்பதால் நெய், பால்கோவா வேண்டாம். தயிர், வெண்ணெய் அங்கேயே கிவி, ரேமா 1000 கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை பொதுவாக மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

குக்கர் பற்றிக் கேட்டதால் ஒன்று சொல்லவேண்டும். மரவீட்டில் உரிமையாளர் அனுமதியோடு சுவர் பிளக்கில் காரைச் செருகியிருந்தால், அதே ஃபியூஸில் குக்கரையும் கெட்டிலையும் போடாதீர்கள். காரே 10 ஆம்பியர் எடுக்கும். குக்கர் இன்னும் மூன்று, கெட்டில் ஒன்பது. ஃபியூஸ் விழும், வெளியில் நிற்கும் கார் சத்தமில்லாமல் சார்ஜை நிறுத்திவிடும், காலையில்தான் தெரியும். சமையல் முடித்துப் பாத்திரம் கழுவியபின் காரைச் செருகுங்கள். அரை மணி கழித்து வெளியே போய், பிளக்கின் மேல் விரல் வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, தொட முடியாத சூடென்றால் காரின் திரையில் 6 ஆம்பியருக்குக் குறைத்துவிடுங்கள், அதற்கும் சூடு தணியாவிட்டால் கழற்றிவிட்டு, மறுநாள் ஊருக்குள் இறங்கி வேக சார்ஜரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.